எப்ப வந்தீங்க, எப்பக் கிளம்பறீங்க?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் எந்த ஊர் நிறுத்தத்தில் இறங்கினாலும் ஒரு ஃபிளெக்ஸ் கண்ணில் படும். காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, மாரியம்மன் திருவிழா என்று விஷயம் எதுவாகவும் இருக்கலாம். கீழ் வரிசையில் தபால்தலை அளவுக்குப் படங்கள் இருக்கும். கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர், அவருக்குப் பின்னால் மெரினா பே கட்டடம். பெயருக்குப் பக்கத்தில் 'சிங்கப்பூர்', 'குவைத்', 'துபாய்', 'மலேசியா' என்று போட்டிருக்கும். விழாவுக்குப் பணம் அனுப்பியவர்கள் இவர்கள். விழாவன்று ஊரில் இருக்கமாட்டார்கள்.

வெளிநாட்டுத் தமிழர், பண்பாட்டு அடையாளம் என்று பேச்செடுத்தாலே நமக்குப் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் பிள்ளைகளுக்கான ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. அது குடும்பத்தோடு நியூ ஜெர்சிக்கும் டொரான்டோவுக்கும் போனவர்களின் கவலை. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கமிருந்து கூலி வேலைக்குப் போகிறவர்கள் தனி ஆளாகப் போகிறார்கள், தனி ஆளாகத் திரும்புகிறார்கள். தமிழனாக நீடிப்போமா என்ற கவலை அவர்களுக்குக் கிடையாது. வேறு யாராகவும் மாற அங்கே சட்டம் விடாது. அவர்களுடைய அடையாளத்தைக் கட்டிக் காப்பது மொழிப்பற்று அல்ல, கையில் இருக்கும் பெர்மிட்தான்.

இரண்டும் சின்ன மாவட்டங்கள். திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, அடுத்த ஆண்டே மறுபடி சேர்ந்து, 2007இல் திரும்பவும் தனியானது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே ஆள் குறைந்த மாவட்டம் பெரம்பலூர்தான், 5,65,223 பேர். மேற்கே வானம் பார்த்த கரிசலில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். கிழக்கே செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரி. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும். ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்காக 1990களில் நிலத்தைக் கையகப்படுத்தினார்கள். நிலக்கரியை வெட்டவே இல்லை. நிலத்தைக் கொடுத்தவர்கள் நீதிமன்றத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்குமாக அலைந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்தார்கள்.

ஒரு ஊரிலிருந்து முதலில் போனவர் எங்கே இறங்கினாரோ, பின்னால் போகிறவர்களும் பெரும்பாலும் அங்கேதான். வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லெப்பைக்குடிக்காட்டுக்கு வளைகுடா நாடுகள். பூலாம்பாடிக்கு மலேசியா. ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் பக்கம் சிங்கப்பூர்ப் பேச்சுதான் அதிகம். 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று கணித்தது. அதில் முதலிடம் சிங்கப்பூருக்கு, ஏறத்தாழ நான்கு லட்சம். ஐக்கிய அரபு அமீரகமும் சவுதியும் அடுத்தடுத்து வந்தன.

சிங்கப்பூர் போக நினைக்கும் பையன் முதலில் 'டெஸ்ட் அடிக்க' வேண்டும். வெல்டிங், பைப் ஃபிட்டிங், எலெக்ட்ரிக்கல், கம்பி கட்டுவது, டைல்ஸ் ஒட்டுவது என்று ஏதாவது ஒரு வேலையில் பயிற்சி எடுத்து, சிங்கப்பூர் அரசு அங்கீகரித்த மையத்தில் தேர்வு எழுதித் தேற வேண்டும். பயிற்சிக் கட்டணம், ஏஜென்ட் பணம், டிக்கெட் எல்லாம் சேர்த்தால் லட்சங்களில் போய் நிற்கும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று மத்திய அரசு வைத்திருக்கும் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இந்த விவரம் தெரியாமலே நகையை அடகு வைத்த வீடுகள் எத்தனையோ. தெரிந்தும் வைத்தவர்களும் உண்டு, வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது ரசீது கேட்க யாருக்குத் துணிவு வரும்?

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது படையெடுத்து ஆயிரம் ஆண்டு ஆனதை 2025 ஜூலையில், ஆடித் திருவாதிரைக்குப் பிரதமரே வந்து கொண்டாடிவிட்டுப் போனார். அந்தக் கடாரம் இன்றைய மலேசியாவின் கெடா. பத்தாம் வகுப்பு தேறாத ஒருவர் இப்போது அங்கே வேலைக்குப் போக வேண்டுமானால், 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி அவர் பாஸ்போர்ட்டில் 'குடியேற்றச் சோதனை தேவை' என்று இருக்கும். ஊரில் ஈசிஆர் பாஸ்போர்ட் என்பார்கள். அதற்கான அனுமதியை வாங்கிக்கொண்டுதான் கடாரம் போகலாம்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்காரர் மனைவியைக் கூட்டிப்போய்க் குடித்தனம் நடத்த முடியாது. குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் பாஸ் வேண்டுமென்றால் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்க வேண்டும். கட்டட வேலைக்குப் புதிதாகப் போகிறவரின் அடிப்படைச் சம்பளம் நாளுக்குப் பதினெட்டு, இருபது வெள்ளியில் தொடங்குவதுதான் வெகுகால வழக்கம். மிச்சத்தை ஓவர்டைம் பார்த்துச் சம்பாதிக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமகளையோ நிரந்தரவாசியையோ கல்யாணம் செய்துகொள்ளவும் அங்குள்ள மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். எத்தனை ஆண்டு வேலை பார்க்கலாம் என்று முன்பு இருந்த உச்ச வரம்பை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள், 63 வயதுவரை இருக்கலாம். நாற்பது ஆண்டு அந்த ஊரைக் கட்டலாம் என்று ஆகிவிட்டது. அந்த ஊர்க்காரர் ஆகலாம் என்று ஆகவில்லை.

ஒர்க் பெர்மிட்காரர் வாரத்தில் ஆறு நாள் லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார். கேட்டரிங் சாப்பாடு விடியுமுன்னே வந்துவிடும், அதைப் பையில் கட்டிக்கொண்டுபோய் மத்தியானம் பிரித்தால் குழம்பு சில நாள் புளித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. பணம் அனுப்புகிற கடை, முஸ்தபா பேரங்காடி, சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயில், பிறகு புல்தரையில் ஓர் இடம். ஊர்க்காரர்கள் கூடும் இடம் பேசி வைத்ததுபோல் வாராவாரம் மாறாது. புதிதாக வந்தவரையும் அங்கேதான் கூட்டிப்போய் உட்காரவைப்பார்கள். யார் வீட்டுக்கு கான்கிரீட் போட்டாச்சு, ஏரியில் தண்ணீர் வந்ததா, கோயில் கணக்கில் யார் கை வைத்தது என்று பேச்செல்லாம் ஊரைப் பற்றித்தான். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு சிங்கப்பூரைப் பற்றி அவர்கள் பேசுவது அபூர்வம். தமிழ் அங்கே ஆட்சிமொழி, அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் வருகிறது. இருந்தும் அந்தத் தமிழ்ச் சிங்கப்பூர் வேறு, புல்தரையில் உட்கார்ந்திருக்கும் தமிழ்ச் சிங்கப்பூர் வேறு. அடுக்குமாடியில் இருப்பவரும் டார்மிட்டரியில் இருப்பவரும் ஒரே கோயிலில் கும்பிடுகிறார்கள், பேசிக்கொள்வது குறைவு.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஊரில் தெருவும் காலனியும் தனித்தனி. டார்மிட்டரியில் இரண்டும் ஒரே இரும்புக் கட்டிலின் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் படுக்கின்றன. ஒரே பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிடுகின்றன, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் கஞ்சி வைக்கிறார். லீவில் வந்து இறங்கியதும் அவரவர் தெருவுக்கு அவரவர் போய்விடுகிறார். ஊர்த் திருவிழா ஃபிளெக்ஸில் இருவர் படமும் சேர்ந்து வருவதை நான் அதிகம் பார்த்ததில்லை. கொண்டுபோன அடையாளத்தில் எதை அங்கேயே விட்டுவிட்டு வரலாம் என்று ஒரு வாய்ப்பு கிடைத்தது. பெரும்பாலோர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் புல்தரையும் சுலபமாகக் கிடைப்பதல்ல. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில், பஸ் மோதித் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்ததும் கலவரம் வெடித்தது. அதற்குப் பின் 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த வட்டாரத்தைத் தனி வளையத்துக்குள் வைத்தது. 2020 ஏப்ரலில் கொரோனா டார்மிட்டரிக்குள் புகுந்தது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாதக்கணக்கில் உள்ளேயே அடைபட்டார்கள். டார்மிட்டரியில் இருந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்திருந்தது என்று அந்த ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூர் அரசே கணக்குச் சொன்னது. ஊர் முழுக்கத் திறந்தபிறகும் இவர்கள் வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 2022 ஜூனுக்குப் பிறகும், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போக முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருந்தது. சுற்றுலாப் பயணிக்கு அந்தச் சீட்டு தேவைப்படவில்லை.

வளைகுடாவில் தங்குமிடம் கேம்ப், பெர்மிட் இக்காமா, முதலாளி கபீல் என்று சொற்கள் மாறுகின்றன, ஏற்பாடு மாறுவதில்லை. அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும். லெப்பைக்குடிக்காட்டுக்காரருக்கு அங்கே ஒரு வசதி உண்டு, பாங்கொலி காதில் விழும் ஊரில் இருக்கலாம். ரமலானில் துபாய் தேராவில் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் கூடி நம் ஊர் நோன்புக் கஞ்சி ஊற்றுகிறார்கள். அரபிக்காரர் வீட்டுப் பலகாரம் எத்தனை இருந்தாலும் அந்தக் கஞ்சிக்கு வரிசை நிற்கும். வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு இந்த ஊர்க்கூட்டமும் இல்லை. ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்ணுக்கு முப்பது வயது ஆகியிருந்தால்தான் அந்த நாடுகளுக்கு அனுமதி என்று சட்டம் பாதுகாப்பு தருகிறது. போய்ச் சேர்ந்த வீட்டுக்குள் அந்தச் சட்டம் போகாது.

உலகத்தில் நாம் மட்டும் இப்படி இல்லை. நைஜீரியாவில் யோருபா மக்கள் நாட்டைவிட்டுக் கிளம்புவதை 'ஜாப்பா' என்கிறார்கள், இப்போது அந்த நாட்டு இளைஞர்கள் எல்லோர் வாயிலும் அந்தச் சொல்தான். லண்டன் பெக்கம் பகுதியில் அவர்களுடைய கடைகளும் தேவாலயங்களும் நிறைந்திருக்கின்றன. கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்கள் எந்த நகரத்துக்குப் போனாலும் முதலில் ஊர்ச் சங்கம் வைப்பார்கள். சம்பாதித்ததும் சொந்தக் கிராமத்தில் மாடி வீடு கட்டுவார்கள், கிறிஸ்துமஸுக்குத்தான் அந்த வீட்டின் கதவு திறக்கும். உடையார்பாளையத்துக்காரருக்கு இது புதிதாகவா இருக்கும்? ஆனால் பல ஆண்டுகளாக லண்டன் போன நைஜீரியர் மனைவி, பிள்ளைகளோடு போனார். பிள்ளை ஆங்கிலேயனாக வளர்கிறானே என்று வருத்தப்பட அவருக்கு வாய்ப்பு இருந்தது. 2024 மார்ச்சில் பிரிட்டன், பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தை அழைத்துவரக் கூடாது என்று சொன்னதும் அவர்கள் அதிர்ந்துபோனார்கள். நம் ஆட்கள் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருக்கிறார்கள்.

நைஜீரியர்கள் நம் திருப்பூருக்கும் வந்தார்கள். காதர்பேட்டையில் பனியன் துணி மொத்தமாக வாங்கி ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிற வியாபாரிகள் அவர்கள். வீடு வாடகைக்குத் தர மறுத்தோம், வியாபாரத்தில் போட்டி என்று குறைப்பட்டோம், விசா முடிந்து தங்கியவரைப் போலீஸ் பிடித்தபோது எல்லோரையும் அதே கண்ணால் பார்த்தோம். சிங்கப்பூர்ப் புல்தரையில் உட்கார்ந்திருக்கும் நம் பையனை யாராவது அப்படிப் பார்த்தால் நமக்குப் பொறுக்காது.

இனி வீட்டுப் பக்கம். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது, குவைத் இரண்டரை மணி நேரம் பிந்தியது. மூத்த மகன் சிங்கப்பூரிலும் இளைய மகன் குவைத்திலுமாக இருக்கும் வீட்டில், மூத்தவன் இரவு பத்து மணிக்குக் கூப்பிடும்போது இங்கே ஏழரை, சீரியல் நேரம். இளையவன் இரவு பத்துக்குக் கூப்பிட்டால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. அம்மா இரண்டுக்கும் விழித்திருப்பாள். மருமகள் போனைப் பிள்ளையிடம் கொடுத்து "அப்பாவுக்கு வணக்கம் சொல்லு" என்பாள். பிள்ளை திரைக்கு முத்தம் கொடுத்துவிட்டு யூடியூப் கேட்கும்.

மொய் நோட்டில் வெளிநாட்டில் இருப்பவர் பெயர் விடுபடுவதே இல்லை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் மனைவி போய் எழுதிவிட்டு வருவாள், அல்லது ஜிபே. வராமல் மொய் மட்டும் வைப்பவருக்கு ஊரில் மரியாதை குறையாது, ஆனால் பந்தியில் அவர் பேச்சை யார் கேட்கிறார்கள்? தங்கை கல்யாணத்தை வீடியோவில் பார்த்த அண்ணன்கள் இந்த இரண்டு மாவட்டத்திலும் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவர் கட்டிய வீட்டில் மேல்மாடி பூட்டியிருக்கும். கீழே அம்மா வெங்காயம் காயப்போட்டிருப்பாள்.

லீவில் வந்தால் முதல் நாளே யாராவது கேட்டுவிடுவார்கள், "எப்ப வந்தீங்க? எத்தனை நாள் லீவு? எப்பக் கிளம்பறீங்க?" கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். கேட்கப்படுகிறவர் முகம் மாறுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே பெர்மிட் முடிகிற தேதி, இங்கே லீவு முடிகிற தேதி. இடைப்பட்ட நாட்களில் அவர் செய்கிற காரியங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் குலதெய்வமாக இருக்கும் குடும்பமென்றால் டிக்கெட் போடும்போதே காலண்டரைப் பார்ப்பார்கள். அம்மன் கோயில் நடை திறப்பது வழக்கமாகத் திங்களும் வெள்ளியும்தான். மொட்டை, மாவிளக்கு என்று வேண்டுதல் பட்டியல் நீளமாக இருக்கும், லீவில் வருகிற திங்கள், வெள்ளியோ விரல்விட்டு எண்ணிவிடலாம். அதற்குள் பெண் பார்க்க வேண்டும், பட்டா மாற்ற வேண்டும், பல் பிடுங்க வேண்டும். பல் வைத்தியத்தை ஊருக்குத் தள்ளிப்போடாத சிங்கப்பூர்க்காரர் அபூர்வம்.

அரும்பாவூரில் மரச்சிற்பம் செய்கிறார்கள், 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே செதுக்கும் சாமிகளும் வாகனங்களும் வெளிநாட்டுக் கோயில்களுக்குப் போகின்றன. போன சாமி அங்கேயே குடியிருக்கலாம், குடும்பத்தோடும் இருக்கலாம். அதே ஊர்ப் பையன்தான் பெர்மிட் முடிந்ததும் திரும்ப வேண்டும்.

திரும்பி வராதவர்களும் உண்டு. திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதியோர் உதவித்தொகை மனு, பட்டா மனு, குடிநீர் மனு, அதற்கு நடுவே வெளிநாட்டில் இறந்தவரின் உடலைக் கொண்டுவர உதவக் கேட்டு ஒரு மனு. கசங்கிய மஞ்சள் பையில் பாஸ்போர்ட் நகல், பெர்மிட் நகல், கடைசியாகப் பேசிய நம்பர். தூதரகங்களில் 2009இலிருந்து இந்தியச் சமூக நல நிதி இருக்கிறது, உடலை அனுப்பும் செலவை அதிலிருந்து தர முடியும். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இந்த வேலையைச் செய்கிறது. இந்த இரண்டின் பெயரும் பெரும்பாலான வீடுகளுக்கு அன்றுதான் தெரியவருகிறது.

இவர்கள் போன இடத்துக்கு ஆட்கள் வராமல் இல்லை. அரியலூர் சிமென்ட் ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசாக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் யாரிடமோ போஜ்புரியில் ஊர் நிலவரம் கேட்டுக்கொண்டிருப்பதைக் கடைத்தெருவில் பார்க்கலாம். 'வடக்கன்' என்று நாம் அவர்களைச் சொல்கிறோம், தேக்காவில் நம்மைச் சொல்வதற்கும் ஏதோ ஒரு சொல் இருக்கும். வந்தவர் இந்த மண்ணுக்காரராகவே ஆன கதையும் இதே அரியலூரில் உண்டு. இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி பாதிரியார் ஏலாக்குறிச்சியில் தங்கி, காவி உடுத்தி, சைவம் சாப்பிட்டு, வீரமாமுனிவர் ஆனார். அவரிடம் யாரும் பெர்மிட் தேதி கேட்கவில்லை.

போன நாட்டில் ஊர்க்காரர் ஆக முடியாது என்றால், சொந்த ஊரிலாவது முழு ஊர்க்காரராக வைத்திருக்கிறோமா என்று பார்த்தால் அதுவும் இல்லை. கோயில் தேருக்கு அவர் பணம் வேண்டும், பள்ளிக்கூடத்து நாற்காலிக்கு அவர் பணம் வேண்டும், தேர்தலில் மட்டும் அவர் கணக்கில் இல்லை. 2010இல் திருத்திய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் வெளிநாடுவாழ் இந்தியர் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம். அதற்குப் படிவம் 6ஏ. ஆனால் ஓட்டுப் போட அசல் பாஸ்போர்ட்டோடு ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். ராணுவத்தில் இருப்பவருக்கு மின்னணு முறையில் தபால் ஓட்டு அனுப்புகிறார்கள். அதை வெளிநாடுவாழ் இந்தியருக்கும் தரலாம் என்று தேர்தல் ஆணையமே 2020இல் மத்திய அரசுக்கு எழுதியது.

நாளுக்கு இருபது வெள்ளி சம்பாதிப்பவர் ஓட்டுக்காக விமான டிக்கெட் எடுக்கமாட்டார், எடுக்கவும் வேண்டாம். ஆனால் படிவம் 6ஏ-யை நிரப்பக் காசு ஆகாது, இணையத்திலேயே அனுப்பலாம். உங்கள் வீட்டில் வெளிநாட்டில் ஒருவர் இருந்தால் இன்றிரவு போன் வரும்போது அவரை நிரப்பச் சொல்லுங்கள். கூடவே அயலகத் தமிழர் நல வாரியத்தில் உறுப்பினராகச் சேரவும் சொல்லுங்கள். இரண்டுக்கும் பாஸ்போர்ட் நகல் தேவை, ஒரு நகலை வீட்டு பீரோவில் வையுங்கள்.